பொருத்திய இலக்கம்

ஒன்றைப் பார்த்து நல்லது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'பரவாயில்லை' என்பார். அவர் வாயில் அதுதான் ஆகப் பெரிய பட்டம். துவக்கின் குழலுக்குள் பார்த்தால் கண்ணாடியாக மினுங்கும். மரத்தில் ஒரு கீறல் இருக்காது. எங்கள் வெள்ளைக்கார முதலாளி வாயெல்லாம் பல்லாக நிற்பார். இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, கடைசியில், "பரவாயில்லை. ஆனா முன்னுக்கு இருக்கிற திருகாணி பிறகு மாத்தினது. அதையும் அடியுங்கோ தங்கச்சி" என்பார். முதலாளியின் முகம் சுருங்கும். நான் அடிப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரத்தின் எல்லர்ஸ்லி பக்கம், மோட்டர்வே ஓரமாக ஒரு கிடங்கு. நாடு நாடாகப் படைகள் கழித்துவிட்ட பழைய துவக்குகளைப் பெட்டிபெட்டியாக வாங்கி, அவற்றைச் சேகரிக்கிற ஆட்களுக்கு விற்பதுதான் அங்கே வியாபாரம். சுடுவதற்கல்ல, வைத்துப் பார்ப்பதற்கு. முத்திரை சேர்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், நாணயம் சேர்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், இப்படியும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. நான் கொழும்பில் ஒரு கம்பனியில் சுருக்கெழுத்துக்காரியாக இருந்தவள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவள் துவக்குக் கடையில் போய்க் குந்தியிருக்கிறாள் என்று என் கணவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வேறு வேலை கிடைத்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஒவ்வொரு துவக்குக்கும் ஓர் அட்டை உண்டு. எந்த ஆயுதச்சாலையில் எந்த வருஷம் செய்தது, எந்தப் படையின் முத்திரை, குழல் என்ன தரம், இரும்பு என்ன தரம், மரம் என்ன தரம், எது பழையது, எது பிறகு மாற்றியது. அவர் பார்த்துப் பார்த்துச் சொல்வார், நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். அட்டையின் அடியில், பார்த்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். பேனாவைக் கையில் எடுத்த பிறகு அவர் ஒரு கணம் நிற்பார். சாமிக்கு நேர்த்தி வைக்கிறவர் மாதிரி இருக்கும். கெதியாப் போடுங்கோ அண்ணை, இன்னும் ஒரு பெட்டி கிடக்குது என்று நான் அரியண்டப்படுத்துவேன்.

வேலை செய்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் துவக்கு லைசென்ஸ் இல்லை. ஆகவே லைசென்ஸ் உள்ள முதலாளி எங்களோடு அந்த அறையிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். இரும்புக் கதவு, ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் கம்பி. முதலாளி கதவடியில் நாற்காலி போட்டுப் பத்திரிகை படிப்பார். ஆனால் தொலைபேசி அறைக்கு வெளியே இருந்தது. மணி அடித்தால், துவக்குகளிலிருந்து கழற்றிய போல்ட்டுகள் இருக்கிற பெட்டகத்தைப் பூட்டி, எங்களையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். போல்ட் இல்லாத துவக்கு வெறும் தடிதானே என்று தனக்குத் தானே சமாதானம். ஜன்னலால் பார்த்தால் கார்கள் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு மூச்சு முட்டும். எழும்பிப் போய்க் கதவுப்பிடியைத் திருகிப் பார்ப்பேன்.

"பூட்டியிருந்தால் என்ன தங்கச்சி? பூட்டியிருந்தால் ஒருத்தரும் வந்து ஒண்டும் கேக்கமாட்டினம்" என்பார் அவர். இந்த மனுஷனுக்கு மறியல் வீட்டுக்குள் போட்டுப் பூட்டினாலும் நித்திரை வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த அறையில் முதல் சட்டம், துடைக்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது ஏறவே ஏறாது. விற்கிற சாமானைக் கழுவித் துடைத்து வைப்பதுதானே மரியாதை? இங்கே அப்படியில்லை. எவனோ ஒரு சிப்பாயின் கை பட்டு ஊறிய அழுக்குக்குத்தான் மதிப்பு. மரத்தை மினுக்கினால், புது எண்ணெய் பூசினால், தரம் இரண்டு படி இறங்கிவிடும். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஒரு காரியம் செய்தேன்.

அன்றைக்கு விஜயதசமி. வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் சந்தனமும் குங்குமமும் கொண்டு போயிருந்தேன். முதலாளி தொலைபேசிக்குப் போன நேரம் பார்த்துத் தட்டச்சு இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆயுத பூசை என்று சொல்லிச் சொல்லி இத்தனை வருஷமாகக் கத்தரிக்கோலுக்கும் அரிவாளுக்கும் தேங்காய்த் திருவலைக்கும் பொட்டு வைத்தவள் நான். உண்மையான ஆயுதம் வாழ்க்கையில் முதல்தரம் கைக்கெட்டும் தூரத்தில் சாத்தியிருந்தது. அதன் கட்டையிலும் ஒரு பொட்டு வைத்தேன். காய்ந்து கிடந்த பழைய மரம், வைத்த கையோடு குங்குமத்தைக் குடித்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். சிவப்பு இன்னும் பரவியது.

அவர் தன் மேசையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் செருகுகிற ஒற்றைக் கண்ணாடி ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். அதைப் புருவத்தால் கவ்விக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"அடியுங்கோ. மரத்தின்ரை இடப்பக்கம், சின்னவிரல் நுனி அளவிலை சிவப்புக் கறை. இந்தக் கிடங்கிலை வந்தது."

"அண்ணை, உதையும் போட வேணுமோ? ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"என்ரை பேரையும் போடட்டோ?"

"பேர் தேவையில்லை. எங்கை வந்தது எண்டது காணும்."

போட்டோம். முதலாளி வாசித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எப்சம் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு பல் வைத்தியர் அந்தத் துவக்கைத்தான் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொட்டைத் துடைக்க வேண்டாம் என்று வேறு சொன்னாராம்.

அவர் எங்களுடைய மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில்தான் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். பழைய மரவீடு, நடந்தால் தரை முழுக்கக் கதைக்கும். அவர் நடந்தால் மட்டும் கதைக்காது. அவ்வளவு மெதுவான மனுஷன். ஃபிட்டர் வேலைக்கென்று ஒரு பட்டறைக்காரன் விசா கொடுத்து எடுப்பித்த ஆள். பட்டறை மூடப்பட்டதும் எங்கள் முதலாளியிடம் வந்து சேர்ந்தார். ஆனால் ஃபிட்டர் என்றால் கை தடித்திருக்க வேண்டும். அவர் விரல்கள் மெல்லிசு. சுத்தியலைக் கொடுத்தால் என்ன செய்வது என்று யோசிப்பார், ஊசி போன்ற திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்.

"ஃபிட்டருக்கு எதுக்கண்ணை மணிக்கூட்டுக் கண்ணாடி?" என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டேன்.

"தம்பியின்ரை. அவன் யாழ்ப்பாணத்திலை மணிக்கூட்டுக்கடை வைச்சிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

தம்பியின் மனைவியிடமிருந்துதான் அவருக்குக் கடிதம் வரும். உள்ளே வைத்து வாசிக்கமாட்டார். பின்வளவில் எலுமிச்சை மரத்துக்குக் கீழே போய் நின்று வாசிப்பார். சில கடிதத்தில் தம்பியின் மகள் கீறிய படம் இருக்கும், கோழியென்றும் சொல்லலாம், கப்பலென்றும் சொல்லலாம். அதை மட்டும் எங்களுக்குக் காட்டுவார்.

அப்போது எங்களுக்கென்று கோயில் இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரை மேசையில் வைத்துப் பூசை செய்வோம். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், பகலில் கணக்காளர், பின்னேரம் வேட்டியைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு ஐயராகிவிடுவார். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டு வரிசையாக வருவார். இவர் முறை வந்தால், "சுவாமி பேருக்குச் செய்யுங்கோ ஐயா" என்பார். எந்த வெள்ளிக்கிழமையும் அதுதான். தனக்கென்று ஒன்றும் கேட்காத பக்தி என்று ஐயர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வார். எனக்கும் அந்த விஷயத்தில் அவர் மேல் ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதை ஒரு இரவுச் சாப்பாட்டோடு போயிற்று. கடிதம் ஒன்று வந்திருந்தது. சாப்பாட்டில் இருந்தபடி, "தம்பி செத்துப்போனானாம்" என்றார். நானும் என் கணவரும் கையை எடுத்துவிட்டோம். அவர் எடுக்கவில்லை. சொதியை இன்னும் கொஞ்சம் விட்டுப் பிசைந்து முழுக்கச் சாப்பிட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இரண்டு மாதம் கழியவில்லை, என்னிடம் ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்து தரக் கேட்டு வந்தார். தம்பியின் மனைவியையும் பிள்ளையையும் இங்கே கூப்பிடப் போகிறாராம். கூப்பிட்டு, அவளைத் தானே பதிவுத் திருமணம் செய்யப் போகிறாராம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அண்ணை, தம்பி பெண்சாதி எண்டால் உங்களுக்கு மகள் மாதிரி. சாம்பல் ஆற முதல் இது என்ன கதை?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அடிச்சுத் தாறியளோ தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அடித்துக் கொடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கிடங்கில் அவர் சொல்வார், நான் அடிப்பேன், அவ்வளவுதான். பூட்டிய அறைக்குள் கோபத்தோடு ஓர் ஆளுக்கு எதிரே நாள் முழுக்க இருந்து பார்க்க வேண்டும், சுவர்கள் கிட்டக் கிட்ட வரும். அவரோ எதுவும் நடக்காததுபோலக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில்தான் அந்த த்ரீ நாட் த்ரீ துவக்கு வந்தது. துவக்கின் உடம்பில் ஓர் இலக்கம் வெட்டியிருக்கும். அதே இலக்கம் குழலிலும் போல்ட்டிலும் மரத்திலும் இருந்தால் எல்லாம் ஒன்றாகப் பிறந்த பாகங்கள் என்று கணக்கு. சேகரிக்கிறவர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள். போல்ட் உடைந்து வேறு போல்ட் போட்டால், நேர்மையான ஆயுதச்சாலைக்காரர் பழைய இலக்கத்தைக் கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் புது இலக்கம் அடிப்பார்கள். பார்க்கிறவனுக்கு நடந்தது தெரியும். அதில் வெட்கமில்லை. இன்னொரு வகை உண்டு. பழைய இலக்கத்தை அரத்தால் ராவி அழித்துவிட்டு, அந்த இடத்திலேயே புதிதாக அடிப்பது. வெறுங்கண்ணுக்கு எல்லாம் பொருந்தும். இவர் அதைச் சரித்துப் பிடித்து, அந்த இடத்தில் இரும்பு ஒரு மயிரிழை பதிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தத் துவக்கு அந்தக் கடைசி வகை. எவன் ராவினானோ தெரியாது, பெட்டியில் அப்படியே வந்தது. முதலாளிக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் எல்லா இலக்கமும் பொருந்திய ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"இலக்கம் எல்லாம் ஒன்றுதானே? பொருந்துகிறது என்று எழுது" என்றார் முதலாளி.

"ஒன்றுதான். ஆனால் பொருத்தியது" என்றார் இவர், தன் உடைந்த ஆங்கிலத்தில்.

"உன்னை யார் கேட்டது? எழுத்தைப் போடு."

"அடிக்கச் சொல்லுங்கள், அடிக்கட்டும். நான் எழுத்துப் போடமாட்டேன்."

முதலாளி கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகம் சிவந்துவிட்டது. இவருக்கு நிரந்தரமான வேலை இருக்கிறது, குடும்பத்தைப் பார்க்க முடியும் என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால்தான் குடிவரவுக் கந்தோரில் அந்த விண்ணப்பம் நகரும். கடிதம் ஒரு வாரமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. "உனக்கும் என்னிடம் ஒரு எழுத்து வேண்டியிருக்கிறது, மறக்காதே" என்றார். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. பெட்டகத்தைப் பூட்டி, எங்களையும் பூட்டிவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கதைப்பதில்லை என்ற வைராக்கியமெல்லாம் காற்றில் போயிற்று.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? ஒரு இரும்புத் துண்டுக்காக அந்தாளோடை கொழுவுறியள். அவர் கடிதம் தராட்டில் உங்கடை தம்பி பெண்சாதி வரேலாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டனீங்கள்?"

அவர் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கதவைப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

"அவ தம்பி பெண்சாதிதான் தங்கச்சி. நான்தான் தம்பி."

எனக்கு விளங்கவில்லை.

"அவ என்ரை பெண்சாதி. பிள்ளை என்ரை பிள்ளை. ஃபிட்டர் வேலை அண்ணைக்கு. விசாவும் அண்ணைக்கு வந்தது. கொழும்பிலை கலவரத்தண்டைக்குப் பாண் வாங்கப் போனவர், வரேல்லை. உடம்பும் கிடைக்கேல்லை. பக்கத்து அறை ஆள்தான் அவற்றை பாஸ்போட்டை ஊருக்குக் கொண்டுவந்து தந்தவர். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே முகம். ஊரிலை ஆமி பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போற நேரம். அம்மாதான் பாஸ்போட்டை எடுத்து என்ரை கையிலை வைச்சவ. ஒரு பிள்ளையாவது எங்கையாவது இருக்கட்டும் எண்டு."

செத்தவர் கடதாசியில் உயிரோடு இருந்தார், இன்னும் கல்யாணம் கட்டாத அண்ணனாக. மணிக்கூட்டுக்காரத் தம்பிக்கு அங்கே மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள், தம்பி இங்கே இருந்தார், ஆனால் தம்பியாக இல்லை. அவர்களைக் கூப்பிடுவதற்கு அவருக்கு ஒரே வழிதான் இருந்தது. தம்பி சாக வேண்டும்.

"ஊர் விதானையாரிட்டைச் சொல்லி மரணப் பத்திரம் எடுத்தாச்சு. அண்ணைக்கு எடுத்திருக்க வேண்டியது. எனக்கு எடுத்தது."

"உண்மையைச் சொல்லிப்போட்டால் என்னண்ணை?"

"பிளேனிலை ஏத்தி விடுவினம். அங்கை ஆரெண்டு இறங்குறது தங்கச்சி? அண்ணை எண்டோ, செத்துப்போன தம்பி எண்டோ?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிப்போட்டு இருக்கிறியள். இந்தப் போல்ட்டிலை ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குறைஞ்சுபோகும்?"

"எழுத்து அண்ணையின்ரை. அவர் பேருக்கு இருக்கிற எழுத்து. அவர் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை." கண்ணாடியைத் துணியில் சுற்றி வைத்தார். "இரவல் வேண்டின சாமானை ஊத்தையாக்கேலாதே."

கதவில் சாவி திரும்பியது. நான் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டச்சுக்குப் புதுத்தாளைச் செருகினேன். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவரைப் பயமுறுத்தியதால்தான் நான் அழுதேன் என்று நினைத்திருக்க வேண்டும். நாற்காலியில் இருந்து பத்திரிகையை விரித்தார். அட்டை, போல்ட்டின் இலக்கம் ராவி அடித்தது என்ற வரியோடுதான் போயிற்று. பெரிய வாடிக்கையாளர் அந்தத் துவக்கை வாங்கவில்லை. முதலாளி இரண்டு கிழமை உர்ரென்று இருந்தார்.

பிறகு ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைத் திரும்ப அடிக்கச் சொன்னார். கடைசியில் ஒரு வரி கூட்ட வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'இவரை எனக்குத் தெரிந்த காலம் முழுவதும், உண்மையல்லாத ஒன்றுக்குக் கீழே இவர் தன் பெயரை வைத்து நான் கண்டதில்லை.' அந்த ஒரு வரியை மூன்று தரம் பிழையாக அடித்துத் தாளை மாற்றினேன். கையெழுத்தாகி வந்த கடிதத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். "முதலாளி நல்ல மனுஷன்" என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த துவக்கை எடுத்தார்.

விமான நிலையத்துக்கு நாங்களும் போனோம். முதலில் அவருடைய பெண்சாதிதான் வெளியே வந்தாள், கையைப் பிடித்தபடி பிள்ளை. வெறும் நெற்றி, வெறும் கழுத்து, சாம்பல் நிறத்தில் ஒரு சேலை. கட்டின புருஷன் உயிரோடு எதிரே நிற்க, அப்படி ஒரு கோலத்தில் ஒரு பெண் வந்து நின்றதை நான் பார்த்தேன். தாலியைப் பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருவரை ஒருவர் தொடவில்லை. "பிரயாணம் எப்பிடி?" என்று அவர் கேட்டார். "பரவாயில்லை" என்றாள் அவள். புருஷனும் பெண்சாதியும்தான் என்று எனக்கு அந்த ஒரு சொல்லில் உறுதியாயிற்று.

பிள்ளை முன்னுக்கு வந்தாள். அவர் போகும்போது நடக்கத் தொடங்கியிருந்தவள், இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. கையைக் கூப்பி, சொல்லிக் கொடுத்தபடி, "வணக்கம் பெரியப்பா" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றார்.

காருக்குள் ஏறியதும் நான் கைப்பையிலிருந்து குங்கும டப்பாவை எடுத்துத் தாயிடம் நீட்டினேன். கண்ணாடி ஏற்றிய காருக்குள் எங்களை யார் பார்க்கப்போகிறார்கள்? அவள் பிள்ளையைக் கண்ணால் காட்டித் தலையை ஆட்டினாள். பிள்ளை நித்திரையான பிறகு காதுக்குள் சொன்னாள். "அவளுக்கு ஒண்டும் தெரியாதக்கா. தெரிஞ்சால் எங்கையாவது உளறிப்போடுவாள் எண்டு சொல்லேல்லை. வீட்டிலை எட்டுச்செலவு, அந்தியேட்டி எண்டு செத்தவீட்டுச் சடங்கெல்லாம் செய்தது. ஊர் நம்ப வேணுமே. அவள் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் இருந்தவள்."

பதிவுக் கந்தோரில் நானும் என் கணவரும் சாட்சி. அவள் அன்றைக்குத்தான் பொட்டு வைத்தாள். எங்கள் ஆட்கள் கதைக்க வேண்டியதெல்லாம் கதைத்தார்கள். தம்பி பெண்சாதியைக் கட்டிய மனுஷன் என்று சிலர் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினார்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியாமல் நான் வெந்துபோனேன். அவரை அடைத்து வைத்திருந்த இடத்துக்குள் என்னையும் பிடித்துப் போட்டாயிற்று.

ஒருநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவர் பிள்ளையின் சோற்றுக் கோப்பைக்குள் கருவாட்டு முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"வீட்டுக்குள்ளை, நாங்கள் மட்டும் இருக்கேக்கை, அப்பா எண்டு கூப்பிடலாம் பிள்ளை."

பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய ஆள் ஒருவர் பிழையாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் திருத்துகிற அந்தத் தயவோடு சொன்னாள். "அப்பா செத்துப்போனார் பெரியப்பா. படத்துக்கு மாலை போட்டிருக்கு. நான்தான் ஒவ்வொரு நாளும் பூ வைச்சனான்."

தாய் எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றாள். அவர் சோற்றைப் பிசைந்தார்.

"ஓம் பிள்ளை. சாப்பிடுங்கோ" என்றார்.

அடுத்த நாள் கிடங்கில், முதலாளி வெளியே போன நேரம், "வளர்ந்த பிறகு சொல்லலாம் அண்ணை" என்று ஆறுதல் சொன்னேன்.

"வளர்ந்த பிறகு அவளுக்கும் ஒரு பொய்யைக் குடுக்கிறதோ, வாழ்நாள் முழுக்கக் காவச்சொல்லி?"

கையில் இருந்த குழலை ஜன்னலுக்கு நேரே சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே கார்கள் போய்க்கொண்டிருந்தன. "புருஷன், பெண்சாதி, பிள்ளை. இலக்கம் எல்லாம் சரி தங்கச்சி. ஆர் பாத்தாலும் சரி. ஆனா ராவி அடிச்சது."

நான் தட்டச்சின் மேல் கையை வைத்தபடி இருந்தேன். அடிக்கச் சொல்லி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை. ஊர் கதைத்து ஓய்ந்திருந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். ஐயர் தட்டத்தோடு வரிசையாக வந்தார். இவருடைய முறை வந்தது. வழக்கமான பதிலை எதிர்பார்த்து ஐயர் அடுத்த ஆளிடம் திரும்பப் போனார். பிள்ளை இருவருக்கும் நடுவில் புகுந்து முன்னுக்கு வந்து நின்றாள்.

"எங்கடை அப்பான்ரை பேருக்குச் செய்யுங்கோ" என்றாள். பாடமாக்கி வைத்திருந்த மாதிரி அப்பாவின் முழுப்பெயரையும் நட்சத்திரத்தையும் உரத்த குரலில் சொன்னாள்.

ஐயர் குனிந்தார். இரக்கமான மனுஷன். "அப்பா இல்லையேம்மா. இல்லாதவா பேருக்கு அர்ச்சனை பண்றதில்ல. சுவாமி பேருக்கே பண்ணிடலாமா?"

பிள்ளையின் வாய் கோணிக்கொண்டு வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் இந்தக் கணம் கடந்து போக வேண்டும் என்று நான் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"செய்யுங்கோ ஐயா" என்றார் அவர்.

"இல்ல சார், சாஸ்திரத்துல..."

"அவர் இருக்கிறார் ஐயா. செய்யுங்கோ."

மண்டபத்தில் கைக்குழந்தை ஒன்று மட்டும் சிணுங்கியது. ஐயர் அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகத்தையும் அவர் அன்றைக்குத்தான் சேர்த்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "ஆமா, இருக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டு பிள்ளையார் பக்கம் திரும்பினார். அந்தப் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிப் பூவை எடுத்துப் போட்டார். அந்த நாட்டில் அவருடைய சொந்தப் பெயரை இன்னொருவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். இங்கே எழுதினால் இன்றைக்கும் யாருக்காவது வினையாகும், எழுதவில்லை.

அவர் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு நின்றார். பூசை முடிந்து ஐயர் போன பிறகும் நின்றார். பிள்ளை அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியப்பா, நான் பேர் சரியாச் சொன்னனானோ?"

அவர் குனிந்து அவளுடைய நெற்றியில் திருநீற்றைப் பூசினார்.

"நல்லாச் சொன்னாய் பிள்ளை" என்றார்.